அட்டெண்டர் யாரும்மா?

வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் நர்ஸின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பதினேழாம் பெட் அட்டெண்டர் யாரும்மா?" கட்டிலுக்கடியில் பாயைச் சுருட்டிச் செருகிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து ஓடுவார். கையில் ஒரு சீட்டு வந்து விழும். ரத்தக் குப்பியை லேபில் கொடுக்க வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க வேண்டும், கீழே மருந்துக்கடையில் ஊசி வாங்கி வர வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் அவருக்குப் பெயர் கிடையாது, பெட் நம்பர்தான். கேஸ் ஷீட்டில் அவரைப் பற்றி ஏதாவது இருந்தால் அது ஒரு செல்போன் எண்ணாக இருக்கும்.

புத்தகங்கள் இவரைப் 'பராமரிப்பாளர்' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லால் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஒருவரை வார்டு வராந்தாவில் பார்ப்பது கடினம். "அப்பாவைப் பாத்துக்கிறேன்", "வீட்டுக்காரரைப் பாத்துக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். பார்த்துக்கொள்வது உத்தியோகம் அல்ல. அதனால் அதற்கு லீவு இல்லை, ஷிப்ட் இல்லை, ரிட்டயர்மென்ட் இல்லை.

அந்த ஒற்றை வினைச்சொல்லுக்குள் என்னென்ன அடக்கம் என்று வீட்டில் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருப்பார்கள். கஞ்சியை நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். ஒரு பருக்கை தப்பினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, குழலை உயரப் பிடித்து, கஞ்சி தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது அவரைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும், உடனே படுக்கவைத்தால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். இது ஒரு வேளை. ஒரு நாளைக்கு இப்படி ஐந்தாறு வேளை. நடுவில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். இரவு இரண்டு மணிக்கும் முதுகு முதுகுதானே.

இந்த வேலை செய்பவரின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். ஒஹாயோவில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் என்ற உளவியலாளரின் குழு 1995-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு சின்னது, ஆனால் மறக்க முடியாதது. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள். அவர்கள் வயதை ஒத்த, அப்படிப் பொறுப்பில்லாத வேறு 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி ஒரு சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆற எத்தனை நாளாகிறது என்று கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆற ஏறக்குறைய 49 நாள் ஆனது. மன உளைச்சல் என்று காற்றில் சொல்லிக்கொண்டிருந்தது தோலில் வந்து நின்றது. நான்கு ஆண்டு கழித்து ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் இன்னும் கனமான ஒரு செய்தியைக் கொண்டுவந்தார்கள். நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்து, அந்தப் பாரத்தில் நசுங்கிக்கொண்டிருந்த முதியவர்களுக்கு, அப்படிப் பொறுப்பில்லாதவர்களைவிட நான்கு ஆண்டுக்குள் இறந்துபோகும் அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று அந்தக் கணக்கு காட்டியது. பார்த்துக்கொள்வதே ஆளைக் கொல்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. பார்த்துக்கொண்டும் பாரம் தெரியாமல் இருந்தவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் தென்படவில்லை.

பாரத்தை அளக்கவும் ஒரு கோல் உண்டு. ஸ்டீவன் ஸாரிட் 1980-ல் உருவாக்கியது. இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 88. அவர்மேல் கோபம் வருகிறதா, அவர் இப்படி இருப்பதால் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கக் கூச்சமாக இருக்கிறதா, இன்னும் எத்தனை நாள் தாங்குவோம் என்று தோன்றுகிறதா என்கிற ரகத்தில் போகும் கேள்விகள். நம் ஊரில் இந்தத் தாளை நிரப்பச் சொன்னால் அம்மாக்கள் முதலில் வாசலைப் பார்ப்பார்கள், மகனோ நாத்தனாரோ வருகிறார்களா என்று. "கோபமா? எனக்கா? சேச்சே" என்று பூஜ்யத்தைச் சுழித்துவிட்டு எழுந்து போவார்கள்.

பொய் சொல்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. பொய் சொல்ல அவர்களைப் பழக்கியிருக்கிறோம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உன்னை மாதிரி யாரு பாத்துப்பா? நீ தெய்வம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்பவர்களின் மனசு நல்லதுதான். ஆனால் தெய்வத்துக்கு இடுப்பு வலிக்கக் கூடாது, தெய்வம் "இன்னிக்கு ஒரு நாள் நீங்க இருங்க, நான் தூங்கணும்" என்று கேட்கக் கூடாது. தியாகி பட்டம் கொடுப்பது ரொம்ப மலிவான உதவி. வாங்கியவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்க முடியாது. நோயாளியின் மேல் எரிச்சல் வந்த அந்த ஒரு நிமிடத்தை, குளியலறையில் அவர் கையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பிடித்துவிட்ட அந்த ஒரு தருணத்தை, பார்த்துக்கொள்கிறவர் யாரிடம் சொல்வார்?

அதைச் சொல்வதற்கென்று இருப்பதுதான் குழு சிகிச்சை என்று அழைக்கப்படும் நாற்காலி வட்டம்.

சனிக்கிழமை பிற்பகல் என்று வைத்துக்கொள்வோம். புறநோயாளிப் பிரிவு ஓய்ந்துவிட்டது. மாடியில் ஒரு பயிற்சி அறை, வட்டமாகப் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் டீ ஃபிளாஸ்க். எந்த ஊரில் நடந்தாலும் முதல் அரை மணி நேரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். ஓய்வு பெற்ற ஒருவர், மனைவியின் மறதி நோயை டிஸ்சார்ஜ் சம்மரியை வாசிப்பது போலத் தேதி வாரியாகச் சொல்வார். எப்போது தொடங்கியது, எந்த ஸ்கேன், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம். நடத்துபவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா சங்கதி சொல்லிட்டீங்க சார். நீங்க எப்படி இருக்கீங்க?" என்பார்.

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். எதிர் நாற்காலியிலிருந்து ஒரு பெண், யாரையும் பார்க்காமல் சொல்வார்: "நானும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டிருந்தேன் சார். போன வாரம் பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுட்டு வந்தேன். சத்தம் வெளியே கேக்கக் கூடாதில்ல." இதற்கு இரண்டு பேர் சிரிப்பார்கள். வெளியாளுக்கு அந்தச் சிரிப்பு விளங்காது. அவர்களும் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவர்கள்.

அதன்பின் சில வாரம் கழித்து, வட்டம் கொஞ்சம் பழகியதும், இன்னும் கனமானது ஒன்று வெளியே வரும். "சீக்கிரம் போய்ச் சேந்துட்டா தேவலைன்னு நெனச்சேன். அவருக்காகன்னு சொல்லிக்கிட்டேன். இல்ல, எனக்காகத்தான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார், அறை இடிந்து விழும் என்று எதிர்பார்ப்பவர் போல. அறை இடிவதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மெதுவாக, "நானுந்தாம்மா" என்பார்.

அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் குழு சிகிச்சை பற்றி 1970-ல் எழுதிய பாடநூல் இன்றும் மாணவர்களின் கையில் இருக்கிறது. குழுவில் குணம் தரும் காரணிகள் என்று அவர் வகுத்த பதினொன்றில், நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைவது முக்கியமான ஒன்று. 'நானுந்தாம்மா' என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு டாக்டர் அதே இடத்தில் "இப்படித் தோன்றுவது இயல்பு" என்று சொன்னால் அது தகவல். இன்று காலை டயபர் மாற்றிவிட்டு வந்தவர் சொன்னால் அது வேறு.

இந்த வட்டத்தின் பூர்வீகம் காசநோய் வகுப்பு என்பது சுவாரசியமான விஷயம். பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் 1905-ல், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளைக் கூட்டி வைத்து வாரந்தோறும் வகுப்பு எடுத்தார். ஓய்வு, நல்ல காற்று, சாப்பாடு பற்றிப் பாடம் நடத்துவதுதான் அவர் எண்ணம். வந்தவர்களோ பாடத்தைவிட ஒருவரையொருவர் பார்ப்பதில்தான் தெம்பு பெற்றார்கள் என்பதை அவர் கவனித்தார். குழு சிகிச்சையின் வரலாறு எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த நாற்காலியில் நோயாளிக்குப் பதிலாகக் குடும்பத்தை உட்காரவைப்பதில் இந்தியா பிந்தி நிற்கவில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வார்டுகளுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார். இடப் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம், ஆனால் அவர் அதையே சிகிச்சையாக்கினார். குடும்பங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். 1957-ல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து தங்குவது முறையாகவே ஆனது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்கள் வீட்டாரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த வீட்டார் சேர்ந்து தங்களுக்கென்று 'ஆஷா' என்று ஓர் அமைப்பைச் சென்னையில் உருவாக்கினார்கள். மறதி நோய்க்காரர்களின் குடும்பங்களை மனதில் வைத்து 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு இன்று பல ஊர்களில் கிளை விட்டிருக்கிறது. நம் மருத்துவமனைகளில் அட்டெண்டர் என்றைக்கும் இருந்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று சிலருக்குத்தான் தோன்றியது.

வட்டத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இங்கே பேசியது இந்த அறையைத் தாண்டக் கூடாது. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் கூடாது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். இதெல்லாம் எளிது. தமிழ்நாட்டில் உயிரை வாங்கும் கட்டுப்பாடு இன்னொன்று: கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. நம்மால் முடிகிற காரியமா? ஒருவர் கண் கலங்கிய உடனே, "எங்க சித்தப்பாவுக்கு இதேதான் சார், ஒரு வைத்தியர் வேர் குடுத்தார்" என்று யாராவது தொடங்கிவிடுவார். இன்னொருவர் பரிகாரத் தலம் சொல்வார். மூன்றாமவர் யூடியூப் லிங்க் அனுப்ப நம்பர் கேட்பார். அன்பினால்தான், சந்தேகமில்லை. ஆனால் அழுகிறவரை நிறுத்துவதற்கு இதைவிடத் தேர்ந்த வழி கிடையாது. நல்ல நடத்துபவருக்கு வேலை முக்கால்வாசி இந்த இடத்தில்தான். "அந்த வைத்தியர் அட்ரஸை டீ நேரத்துல வாங்கிக்குவோம். இப்ப அக்கா சொல்லி முடிக்கட்டும்" என்று யாரையும் புண்படுத்தாமல் பேச்சை மறுபடி அந்தப் பெண்ணிடம் திருப்பத் தெரிய வேண்டும்.

ஆண்கள் விஷயம் தனி. அவர்கள் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரின் விலை, இன்சூரன்ஸ் கிளெய்ம், நர்ஸிங் ஏஜென்சிக்காரன் கேட்கும் அட்வான்ஸ் என்று பேசியே மூன்று வாரத்தைக் கடத்துவார்கள். அதைத் தடுக்காமல் விடுவதே நல்லது. கான்சன்ட்ரேட்டர் வழியாகத்தான் சிலருக்கு மனைவியைப் பற்றிப் பேச வருகிறது.

இப்படிக் கூடிப் பேசுவதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நியூயார்க்கில் ஒரு பதில் இருக்கிறது. மேரி மிட்டெல்மன் குழு, அல்ஸைமர் வந்தவர்களைக் கவனிக்கும் கணவன் மனைவியரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தது. பாதிப் பேருக்குத் தனியாகவும் குடும்பத்தோடும் ஆறு முறை ஆலோசனை, பிறகு ஓர் ஆதரவுக் குழுவில் கட்டாயம் சேர வேண்டும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் போன் செய்யலாம். மற்றவர்களுக்கு வழக்கமான உதவி. 406 பேரைப் பற்றி 2006-ல் வந்த முடிவின்படி, இந்த ஏற்பாடு கிடைத்தவர்கள் நோயாளியை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. அது முழுக்கக் குழுவின் சாதனை என்று சொன்னால் மிகை. ஆலோசனையும் போனும் சேர்ந்த கூட்டுப் பொரியல் அது. ஆனால் ஒன்றரை ஆண்டு ஒரு மனிதர் தன் வீட்டில், தன் ஜன்னலோரம் இருந்தார் என்பது சின்ன விஷயம் அல்ல.

நம் ஊரில் சிக்கல் அந்த வட்டத்துக்குள் வந்த பிறகு தொடங்குவதில்லை. வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்குப் போகவர இரண்டு மணி நேரம் பஸ். அந்த மூன்றரை மணி நேரம் கஞ்சி ஊற்றுவது யார்? புரட்டிப் போடுவது யார்? மிக அதிகமாக இந்த வட்டம் தேவைப்படுகிறவர்தான் வர முடியாதவர். இந்திய முதியவர்களிடையே நடத்திய பெரிய கணக்கெடுப்பை வைத்து, அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் குறைந்தது ஓர் ஆள், பெரும்பாலும் ஒரு பெண், வீட்டைப் பூட்டிக்கொண்டு வர முடியாமல் இருக்கிறார். மாடி அறையில் நாற்காலி போட்டுவிட்டு "யாருமே வர்றதில்லை, நம்ம மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சலித்துக்கொள்ளும் மருத்துவமனை நிர்வாகிகள், பேருந்தில் ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

கேரளம் இந்தச் சிக்கலை வேறு மாதிரி அவிழ்த்தது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம், சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்து மனிதர்களையே தொண்டர்களாகப் பயிற்றுவிக்கும் வலையாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும் என்று கேட்டார்கள். ஆட்டோ ஓட்டுநரும் ஆசிரியரும் மாணவரும் வந்தார்கள். தொண்டர் வீட்டுக்கு வந்து நோயாளியின் பக்கத்தில் உட்காரும்போதுதான் பார்த்துக்கொள்கிறவர் வெளியே கால் வைக்க முடியும். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வருகிறது: பிரஷர், சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை. வருகிற செவிலியர் கிளம்பும்போது வாசலில் நின்று, "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வட்டம் அங்கேயே கூடிவிடும்.

கொரோனா காலத்தில் கூட்டங்கள் செல்போனுக்குள் போயின. முதலில் அரைகுறை ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பிறகு அதில் ஒரு நன்மை புரிந்தது. வீடியோவை அணைத்துவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, குழலை உயரப் பிடித்துக் கஞ்சி இறக்கிக்கொண்டே கூட்டத்தில் இருக்கலாம். ஆனால் பக்கத்து அறையில் மாமியார் இருக்கும் வீட்டில் மருமகள் போனில் என்ன பேசிவிட முடியும்? மொட்டைமாடிக்குப் போய்த்தான் பேச வேண்டும்.

எல்லோருக்கும் வட்டம் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேற்றுத்தான் புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட குடும்பத்தை, கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் குடும்பத்தோடு முதல் நாளே உட்காரவைத்தால் அவர்கள் மிரண்டுபோவார்கள். சாப்பாடு இறங்காமல், தூக்கமே இல்லாமல், செத்துப்போகலாமா என்ற நினைப்பு வரைக்கும் போனவருக்கு நாற்காலி வட்டம் போதாது, மனநல மருத்துவரிடம் தனியாகவும் காட்ட வேண்டும், தேவையானால் மாத்திரையும் வேண்டும். நல்ல நடத்துபவர் இதைக் கண் பார்த்தே கண்டுபிடித்து, கூட்டம் முடிந்ததும் அவரை மட்டும் கொஞ்சம் நிறுத்திவைப்பார்.

ஒரு நாற்காலியின் நோயாளி இறந்துபோனால் என்ன ஆகும்? விதிப்படி பார்த்தால் அந்த நாற்காலிக்காரர் இனிப் பார்த்துக்கொள்கிறவர் அல்ல. காரியம் முடியும்வரை வீட்டில் கூட்டம் இருக்கும். பதினாறாம் நாள் பந்தல் பிரிந்ததும் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு மட்டும் பழக்கத்தில் விழிப்பு வரும், புரட்டிப் போட ஆள் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் வட்டத்துக்கே திரும்பி வருவதுண்டு. வரும்போது கையில் பெரிய பை இருக்கும். பிரிக்காத டயபர் பாக்கெட் இரண்டு, பஞ்சு, சிரிஞ்ச், மடித்து வைத்த ஏர் பெட். "இது புதுசு, ஒரு வாரந்தான் போட்டிருந்தோம். யாருக்காவது ஆகும்" என்று நடுவில் வைப்பார். டயபரை எடுத்துக்கொள்கிற பெண், சைஸ் சரியாக இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஏர் பெட்டின் மோட்டாரை எப்படிப் பொருத்துவது என்று கேட்பார் ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர். கொண்டுவந்தவர் தரையில் உட்கார்ந்து, ஒயரைப் பிரித்து, சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பார்.